ஒரு விடைக்கு எத்தனை மணி நேரம்?

நீர்க்கடுப்பு என்று சொன்னால் வீட்டுப் பெரியவர்களும் சரி, டாக்டரும் சரி, முதலில் சொல்வது ஒன்றுதான்: "நிறையத் தண்ணீர் குடி." சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்து அவதிப்படும் பெண்கள் இதைப் பல முறை கேட்டிருப்பார்கள். தண்ணீர் நிறையக் குடித்தால் தொற்று உண்மையிலேயே குறைகிறதா? கைபேசியில் தட்டிக் கேட்டால் அரை நொடியில் லட்சக்கணக்கான பக்கங்கள் வந்து விழும். இதே கேள்வியை ஆராய்ச்சியாளர்களிடம் கொடுத்து, "உலகத்தில் இதுவரை நடந்த சோதனைகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்" என்றால் வழக்கமாக ஓராண்டுக்கு மேல் அவகாசம் கேட்பார்கள்.

இது மிகையில்லை. இப்படிப்பட்ட 195 மீளாய்வுகளை எடுத்துக்கொண்டு, பதிவு செய்த நாளிலிருந்து வெளியான நாள் வரை எவ்வளவு காலம் பிடித்தது என்று 2017-ல் ஒரு குழு கணக்கிட்டது. சராசரி 67 வாரங்கள். மிக வேகமாக முடிந்ததற்கு 6 வாரம் ஆனது. மிகவும் இழுத்தது 186 வாரம், அதாவது மூன்றரை ஆண்டு. ஒவ்வொன்றிலும் சராசரியாக 5 பேர் உழைத்திருந்தார்கள்.

படிக்க வேண்டிய ஆய்வுகள் ஏற்கெனவே நடந்து முடிந்தவை. புதிதாக ஒரு நோயாளியைக்கூடச் சோதிக்க வேண்டியதில்லை. பிறகு எதற்கு இத்தனை காலம், இத்தனை ஆட்கள்?

ஒரே ஒரு நல்ல ஆய்வு போதாதா?

முதலில், எல்லா ஆய்வுகளையும் ஏன் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற கேள்வியைத் தீர்த்துக்கொள்வோம்.

1972-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். குறைப்பிரசவம் ஆகக்கூடிய நிலையில் இருந்த 282 தாய்மார்கள் அதில் பங்கேற்றார்கள். சிலருக்கு ஸ்டீராய்டு ஊசி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசி. ஸ்டீராய்டு பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு நுரையீரல் சீக்கிரம் முதிர்ந்தது. மூச்சுத்திணறலும் மரணமும் குறைந்தன. விலை மலிவான, போடுவதற்கு எளிதான ஊசி அது.

அடுத்து வந்த ஆண்டுகளில் வேறு பல குழுக்கள் இதே சோதனையைச் செய்தன. பெரும்பாலானவை சிறியவை. தனித்தனியாகப் பார்த்தால் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெளிவாகத் தெரியவில்லை. எதைப் படித்தாரோ அதற்கேற்பவே ஒவ்வொரு மருத்துவரும் முடிவெடுத்தார். 1980-களின் இறுதியில்தான் எல்லாச் சோதனைகளையும் முறையாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அப்போது ஐயத்துக்கு இடமில்லாமல் பலன் தெரிந்தது. இடைப்பட்ட காலத்தில் இந்த ஊசி பரவலாகப் பயன்படாமல் போனதால் பல்லாயிரம் குழந்தைகள் தேவையில்லாமல் துன்பப்பட்டும் இறந்தும் இருக்கலாம் என்று 1993-ல் தொடங்கப்பட்ட காக்ரேன் அமைப்பு சொல்கிறது. அந்த அமைப்பின் தொடக்ககால முத்திரையில் இருப்பதும் இந்தக் கதைதான். 7 சோதனைகளுக்கு 7 கிடைக்கோடுகள், அவற்றுக்குக் கீழே எல்லாம் சேர்ந்த முடிவைக் காட்டும் ஒரு சிறு வைர வடிவம்.

இப்படிச் சேர்த்துப் பார்ப்பதற்கு 'முறைசார் மீளாய்வு' என்று பெயர் வைத்துக்கொள்வோம். எந்தக் கேள்வி, எந்த மாதிரி ஆய்வுகள், எப்படித் தேடுவது என்ற விதிகளை முன்கூட்டியே எழுதி வைத்து, அந்த விதிகளின்படி எல்லா ஆய்வுகளையும் தேடி, தரம் பார்த்து, ஒன்றாக எடைபோடும் வேலை இது. ஒரு நிபுணர் தனக்குத் தெரிந்த, தனக்குப் பிடித்த பத்துக் கட்டுரைகளை வைத்து எழுதும் கட்டுரையை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். விதிகளுக்குக் கட்டுப்படும்போதுதான் காலம் பிடிக்கிறது.

தண்ணீர்க் கேள்விக்கு விடை தேடிய கதை

ஆஸ்திரேலியாவின் பாண்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று தண்ணீரைப் பற்றிய இதே கேள்வியை எடுத்து, இரண்டு வாரத்தில் ஒரு முழு மீளாய்வை முடிக்க முடியுமா என்று பார்த்தது. யார் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் செலவிட்டார்கள் என்பதையும் குறித்து வைத்து 2020-ல் வெளியிட்டது. நமக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

முதல் வேலை, கேள்வியை நறுக்குவது. யாருக்கு? தொற்று வரக்கூடியவர்களுக்கு. எதைக் கொடுத்து? கூடுதல் நீராகாரம். எதோடு ஒப்பிட்டு? வழக்கமாகக் குடிக்கும் அளவோடு. எதை அளந்து? எத்தனை பேருக்கு, எத்தனை முறை தொற்று வந்தது என்பதை. எந்த வகை ஆய்வு? யாருக்குக் கூடுதல் தண்ணீர், யாருக்கு வழக்கம்போல என்பதைச் சீட்டுக் குலுக்கியதுபோல் தற்செயலாக முடிவுசெய்த சோதனைகள் மட்டும். இதைக் 'குலுக்கல் முறைச் சோதனை' என்போம். குலுக்காமல் விட்டால், உடம்பில் அக்கறை உள்ளவர்களே அதிகம் தண்ணீர் குடிப்பார்கள். பலன் தண்ணீரால் வந்ததா, அந்த அக்கறையால் வந்ததா என்று பிரித்தறிய வழியிருக்காது.

அடுத்தது தேடல். மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளங்கள் பல உண்டு. ஒவ்வொன்றிலும் 'சிறுநீர்த் தொற்று' என்பதற்கு உள்ள எல்லாப் பெயர்களையும், 'நீராகாரம்' என்பதற்கு உள்ள எல்லாப் பெயர்களையும் கோத்துத் தேட வேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் வந்து குவிந்தன. ஒரே கட்டுரை பல தளங்களிலிருந்தும் வரும் என்பதால் இரட்டிப்புகளை நீக்க வேண்டும். பிறகு தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துச் சலிக்க வேண்டும். சலித்து நின்றவற்றின் முழுக் கட்டுரையைத் தேடிப் பிடிக்க வேண்டும். முழுதாகப் படித்துவிட்டு மறுபடியும் சலிக்க வேண்டும். கடைசியில் தேறியவை 8 சோதனைகள்.

அந்த எட்டையும் ஒன்றாகக் கூட்டிவிடலாமா? இங்கேதான் உண்மையான சிரமம் தொடங்குகிறது. ஒரு சோதனையில் கூடுதலாகக் கொடுத்தது 200 மில்லிக்கும் குறைவு, இன்னொன்றில் ஒன்றரை லிட்டர். ஒன்று ஆறு மாதம் பார்த்தது, இன்னொன்று ஓராண்டு. எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று ஒன்று எண்ணியது, மொத்தம் எத்தனை முறை வந்தது என்று இன்னொன்று எண்ணியது. ஒவ்வொரு கட்டுரையிலும் அட்டவணை, அடிக்குறிப்பு, பின்னிணைப்பு எல்லாவற்றையும் துழாவி, ஒரே அளவுகோலுக்குள் கொண்டுவர வேண்டும்.

அதோடு தரமும் பார்க்க வேண்டும். 2018-ல் வெளியான ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். பல்கேரியாவில், அடிக்கடி தொற்று வந்துகொண்டிருந்த, நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்துவந்த 140 பெண்கள். பாதிப் பேர் தினமும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை. ஏறத்தாழப் பாதி. பார்த்தவுடன் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் மீளாய்வு செய்பவர் இரண்டு கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். தண்ணீர் குடிப்பவருக்குத் தான் குடிப்பது தெரியும். அந்த நினைப்பே, எரிச்சல் வந்தால் சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் மாற்றியிருக்குமா? இரண்டாவது, சோதனைக்குப் பணம் கொடுத்தது பாட்டில் தண்ணீர் விற்கும் டனோன் நிறுவனம். அதனால் எங்காவது தராசு சாய்ந்திருக்குமா? இப்படி முடிவை ஒரு பக்கமாகத் தள்ளக்கூடிய காரணங்களைச் 'சாய்வு' என்று அழைக்கிறோம். சாய்வு இருக்க வாய்ப்புண்டு என்பதாலேயே ஆய்வைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை. எந்த அளவுக்கு நம்பலாம் என்று எழுதிவைக்க வேண்டும். எட்டுச் சோதனைகளுக்கும், ஒவ்வொரு வகைச் சாய்வுக்கும், இதைச் செய்ய வேண்டும்.

குழு கண்ட முடிவு இதுதான். கூடுதல் நீராகாரம் குடித்தவர்களுக்குத் தொற்று வந்த எண்ணிக்கை மொத்தத்தில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. முதல் ஆறு மாதத்தில் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஓராண்டு முடிவில் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று பார்த்தால் அவ்வளவு உறுதியில்லை. ஆனால் மிகக் குறைவான அளவு கொடுத்த சோதனைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோது அங்கேயும் பலன் தெரிந்தது. ஆன்டிபயாடிக் பயன்பாடு குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கெடுதல் மிகக் குறைவு என்பதால், திரும்பத் திரும்பத் தொற்று வருகிறவர்களுக்கு அதிகம் குடிக்கச் சொல்லலாம். எவ்வளவு, எது என்பதற்கு இன்னும் சோதனைகள் தேவை.

பாட்டி சொன்னதும் கிட்டத்தட்ட இதையேதான். ஆனால் எவ்வளவு நம்பலாம், யாருக்கு, எந்த இடத்தில் ஐயம் இருக்கிறது என்பதெல்லாம் இப்போதுதான் தெரிகிறது.

16 நிமிடமும் 461 நிமிடமும்

இந்த வேலைக்கு மொத்தம் 61 ஆள்மணி பிடித்தது. ஒருவர் ஒரு மணி நேரம் செய்யும் வேலை ஓர் ஆள்மணி. 9 வேலை நாட்களில் முடிந்தது; விடுமுறையையும் சேர்த்து எண்ணினால் 12 நாட்கள்.

அந்த 61 மணி எங்கே போனது என்று பாருங்கள். மிகக் குறைந்த நேரம், இரட்டிப்புக் கட்டுரைகளை நீக்கியதற்கு: 16 நிமிடம். அது மென்பொருளின் வேலை. மிக அதிக நேரம், எட்டுக் கட்டுரைகளிலிருந்து எண்களைப் பிரித்தெடுத்ததற்கு: 461 நிமிடம், ஏறத்தாழ ஏழே முக்கால் மணி. முழுக் கட்டுரைகளைத் தேடிப் பெறுவதும் சாய்வை மதிப்பிடுவதும் அதேபோல் நேரத்தை விழுங்கின. ஆயிரம் கட்டுரைகளை வரிசைப்படுத்துவது எந்திரத்துக்கு எளிது. எட்டுக் கட்டுரைகளைப் புரிந்துகொள்வதற்கு மனிதர்கள் உட்கார வேண்டியிருக்கிறது.

இந்த வேகத்தை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது. அந்தக் குழுவில் அனுபவசாலிகள் இருந்தார்கள், தேடுவதில் தேர்ந்தவர் இருந்தார், மென்பொருள் கருவிகள் தயாராக இருந்தன. ஒருவர் முடித்ததை அடுத்தவர் உடனே கையில் எடுத்தார். கேள்வியும் நடுத்தர அளவானது. சாதாரண நிலவரம் வேறு. 1999-ல் ஆலன், ஓல்கின் என்ற இருவர் 37 மீளாய்வுகளின் நேரக் கணக்கை வெளியிட்டார்கள். சராசரி 1139 மணி. திட்டமிடுதல், தேடல், சலித்தல், தரவு திரட்டல் ஆகியவற்றுக்கு 588 மணி. புள்ளியியல் கணக்குகளுக்கு 144. எழுதுவதற்கு 206. கூட்டம், கடிதம், ஒருங்கிணைப்பு போன்ற நிர்வாக வேலைக்கு 201.

கணக்குப் போடுவதுதான் கடினம் என்று நாம் நினைப்போம். மொத்தத்தில் எட்டில் ஒரு பங்குதான் அது. கூடிப் பேசி ஒழுங்குபடுத்துவதற்கே அதைவிட அதிகம் தேவைப்பட்டிருக்கிறது. இன்னொரு விஷயத்தையும் அவர்கள் கண்டார்கள். தேடலில் எத்தனை கட்டுரை கிடைத்தாலும் சரி, அடிப்படையாக 721 மணி எப்படியும் ஆகிறது. நாளுக்கு 8 மணி என்று வைத்தால் ஒருவருக்கு 90 வேலை நாள். அதற்கு மேல், முதல் ஆயிரம் கட்டுரைக்கு ஏறத்தாழ 230 மணி கூடுகிறது.

ஒரே கட்டுரையை ஏன் இருவர் படிக்க வேண்டும்?

செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கை வைப்பது இங்கேதான். சலிக்கும்போது ஒவ்வொரு சுருக்கத்தையும் இருவர் தனித்தனியாகப் படிக்கிறார்கள். ஒருவர் 'வேண்டும்' என்றும் மற்றவர் 'வேண்டாம்' என்றும் சொன்னால் பேசித் தீர்க்கிறார்கள், தேவைப்பட்டால் மூன்றாமவரைக் கூப்பிடுகிறார்கள். 3000 சுருக்கம், ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் ஒருவருக்கு 50 மணி, இருவருக்கு 100 மணி. பாதியை மிச்சப்படுத்தலாமே?

2020-ல் வெளியான ஒரு சோதனை இதை நேரடியாக அளந்தது. ஒருவர் மட்டும் சலித்தபோது, சேர்த்திருக்க வேண்டிய ஆய்வுகளில் 13 சதவீதம் கைநழுவிப் போயின. இருவர் சலித்தபோது அது ஏறத்தாழ 3 சதவீதமாகக் குறைந்தது. நூற்றுக்கணக்கான சுருக்கங்களைத் தொடர்ந்து படிக்கும் யாருக்கும் கண் தவறும். தண்ணீர் மீளாய்வில் இருந்தவை எட்டே சோதனைகள். அதில் ஒன்று நழுவினாலே முடிவு ஆட்டம் காணும். அந்தக் கூடுதல் 50 மணி நேரம் வாங்கித் தருவது இந்தப் பாதுகாப்பைத்தான்.

அச்சேறாத ஆய்வுகள்

மனை வாங்குகிறவர், விற்பவர் காட்டும் பத்திரத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. வில்லங்கச் சான்று போட்டு, தாய்ப்பத்திரம் வரை தேடுகிறார். காட்டாமல் வைத்த ஒரே ஒரு பத்திரம் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும். ஆராய்ச்சியிலும் அப்படிக் காட்டாமல் வைத்த ஆவணங்கள் உண்டு. பலன் தராத சோதனைகள் பல அச்சேறுவதில்லை.

டாமிஃப்ளூ மாத்திரையின் கதை இதற்குச் சாட்சி. இன்ஃப்ளூயன்சா காய்ச்சலுக்கான இந்த மாத்திரை, நிமோனியா போன்ற சிக்கல்களையும் குறைக்கிறது என்று நம்பப்பட்டது. காக்ரேன் குழுவின் பழைய மீளாய்வும் அப்படியே சொன்னது. 2009-ல் ஜப்பானைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கெய்ஜி ஹயாஷி ஒரு கேள்வி எழுப்பினார். அந்த முடிவு, 10 சோதனைகளைத் தொகுத்த ஒரு கட்டுரையை நம்பி எழுதப்பட்டது. அந்தப் பத்தில் இரண்டுதான் இதழ்களில் வெளியாகியிருந்தன. மற்ற எட்டை யாரும் பார்க்கவில்லையே?

குழு தயாரிப்பு நிறுவனமான ரோஷிடம் முழு அறிக்கைகளைக் கேட்டது. எளிதில் கிடைக்கவில்லை. கடிதப் போக்குவரத்தும் பகிரங்க வற்புறுத்தலும் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழ் குழுவுக்குத் துணை நின்றது. கடைசியில் கிடைத்த ஆவணங்கள் ஒரு லட்சத்து அறுபதாயிரம் பக்கங்களுக்கு மேல். 2014-ல் புதிய மீளாய்வு வெளியானது. பெரியவர்களுக்குக் காய்ச்சலின் அறிகுறிகள் 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகின்றன, அதாவது அரை நாளுக்குச் சற்று மேல். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை குறைந்ததற்குச் சான்று இல்லை. அதற்குள் பிரிட்டிஷ் அரசு மட்டும் இந்த மாத்திரையை வாங்கி இருப்பு வைக்க 42 கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டிருந்தது. ஐந்து ஆண்டு நீண்ட அந்த உழைப்பு அதிகம் என்று சொல்வதற்கு முன், இந்தத் தொகையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

யார் செலவில்?

ஒரு மீளாய்வுக்கு ஆகும் செலவை 2019-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இருவர் கணக்கிட்டார்கள். ஏறத்தாழ 1,41,000 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஒரு கோடி ரூபாய்க்குப் பக்கம். பெரும்பகுதி சம்பளம். பல நாடுகளில் இந்தச் சம்பளத்தை யாரும் தனியாகத் தருவதில்லை. மருத்துவர்களும் பேராசிரியர்களும் வேலை முடிந்த பிறகு, இரவிலும் விடுமுறையிலும் செய்கிறார்கள். 67 வாரம் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டுரைகளைப் படிப்பதற்கே சந்தா கட்ட வேண்டும் என்பது இன்னொரு தடை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-ல் நாட்டுக்கே சேர்த்துச் சந்தா கட்டி, காக்ரேன் நூலகத்தை இந்தியர் எல்லோருக்கும் திறந்துவிட்டது. காக்ரேனின் தெற்காசிய மையம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அமைந்து, இங்கேயே மீளாய்வு எழுதப் பலருக்குப் பயிற்சி தந்தது. பாம்புக்கடி, காசநோய், வயிற்றுப்போக்கு என்று நம் மக்களை வாட்டும் கேள்விகளை நம் மருத்துவர்களே எடுத்து ஆராய இப்படிப்பட்ட மையங்கள் தேவை.

ஒருமுறை செலவழித்தால் தீர்ந்துவிடுவதும் இல்லை. 100 மீளாய்வுகளைத் தொடர்ந்து கவனித்த 2007-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், பாதி மீளாய்வுகள் ஐந்தரை ஆண்டுக்குள் காலாவதியாகிவிட்டன. அவற்றில் 7, வெளியான அன்றே பழசாகியிருந்தன. எழுதிக்கொண்டிருக்கும்போதே புதிய சோதனைகள் வந்துவிட்டன. தாமதம் மீளாய்வின் பயனையே அரித்துவிடுகிறது.

அவசரமாக வேண்டும்போது

அப்படியானால் எந்த நேரத்தைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது? கொரோனாக் காலம் இதற்கு இரண்டு விதமாகவும் விடை தந்தது.

2020 ஜூன் 16 அன்று பிரிட்டனின் ரெகவரி சோதனை, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக அறிவித்தது. உலகெங்கும் இதே வகைச் சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. உலக சுகாதார நிறுவனம் அந்தக் குழுக்களை எல்லாம் அழைத்து, ஒரே முன்திட்டத்துக்கு ஒப்புக்கொள்ளச் செய்து, எண்களை நேரடியாகப் பெற்றது. 7 சோதனைகள், தீவிர நிலையில் இருந்த 1703 நோயாளிகள். ஸ்டீராய்டு பெற்ற 678 பேரில் 222 பேர் இறந்தார்கள், பெறாத 1025 பேரில் 425 பேர். செப்டம்பர் 2 அன்று முடிவு வெளியானது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆய்வுகளைத் தேடி அலையும் நேரம், அச்சாகும்வரை காத்திருக்கும் நேரம், கடிதம் போட்டுக் கெஞ்சும் நேரம் ஆகியவை மறைந்தன. ஒவ்வொரு சோதனையின் சாய்வையும் மதிப்பிடும் வேலை மட்டும் குறையவே இல்லை.

ஐவர்மெக்டின் மாத்திரையின் கதை நேர் எதிர். மரணத்தைக் குறைக்கிறது என்று சில மீளாய்வுகள் வேகமாக வெளிவந்தன. அவற்றுக்கு வலுச் சேர்த்த ஒரு எகிப்திய ஆய்வின் தரவுகளில் கடுமையான குளறுபடிகள் இருப்பது தெரிந்து, 2021 ஜூலையில் அது திரும்பப் பெறப்பட்டது. சந்தேகத்துக்குரிய ஆய்வுகளை நீக்கிவிட்டுக் கணக்கிட்டபோது, ஒரு மீளாய்வு முன்பு சொன்ன பலன் மறைந்துபோனது. மூலத் தரவைக் கேட்டுப் பார்க்கும் வேலையை விட்டுவிட்டதன் விலை அது.

குறைக்க வேண்டியதும் காக்க வேண்டியதும்

இரட்டிப்பு நீக்கம், முதல்கட்டச் சலிப்பு போன்றவற்றை எந்திரத்திடம் கொடுக்கலாம், கொடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். காக்ரேன் 2016-ல் தொடங்கிய தன்னார்வலர் தளத்தில், உலகெங்கும் உள்ளவர்கள் சுருக்கங்களைப் படித்துக் குலுக்கல் முறைச் சோதனைகளை இனம்காண்கிறார்கள். அவர்கள் பிரித்துவைத்தவற்றைக் கொண்டு எந்திரங்களும் கற்றுக்கொள்கின்றன. எடுத்துக்கொண்ட மீளாய்வை முன்கூட்டியே அறிவிக்க இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகம் 2011 முதல் 'ப்ராஸ்பெரோ' என்ற பொதுப் பதிவேட்டை நடத்துகிறது. தொடங்கும் முன் அதைப் பார்த்தால், ஒரே கேள்விக்கு இரண்டு ஊரில் இரண்டு குழுக்கள் தெரியாமல் உழைப்பதைத் தவிர்க்கலாம்.

ஆனால் மிகப் பெரிய மிச்சம் மீளாய்வுக்கு வெளியே இருக்கிறது. ஒவ்வொரு மருந்துச் சோதனையும் தொடங்கும்போதே பதிவாக வேண்டும். முடிந்ததும், பலன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முழு அறிக்கை பொதுவில் வர வேண்டும். நோயாளியின் அடையாளம் நீக்கிய மூலத் தரவு, கேட்டவருக்குக் கிடைக்க வேண்டும். இவை மூன்றும் நடந்திருந்தால் டாமிஃப்ளூவுக்கு ஐந்து ஆண்டு ஆகியிருக்காது. சோதனைகளில் பங்கேற்றவர்கள் தங்கள் உடம்பைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தகவலைப் பூட்டி வைக்க யாருக்கும் உரிமை இருக்கக் கூடாது.

எண்களைப் புரிந்து எடுப்பது, சாய்வை மதிப்பிடுவது, இருவர் தனித்தனியாகப் பார்த்துப் பேசித் தீர்ப்பது ஆகிய மணிநேரங்களில் கை வைக்கக் கூடாது. அந்த நேரத்துக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்க வேண்டியது, நம் வரிப்பணத்தில் மருந்து வாங்கும் அரசுகளின் பொறுப்பு. ஒரு மருந்துக்குக் கோடிகளைக் கொட்டுவதற்கு முன், அது வேலை செய்கிறதா என்று சரிபார்க்க ஆகும் செலவு எப்போதும் அதில் மிகச் சிறிய பங்குதான்.